காசநோய்க்கான விரைவு மூலக்கூறு பரிசோதனை: நோயாளிகளும் குடும்பத்தினரும் அறிய வேண்டியவை

இரண்டு வாரங்களுக்கு மேலாக இருமல் நீடிக்கும் ஒருவர் அரசு மருத்துவமனைக்குச் சென்றால், அவருக்குக் காசநோய் உள்ளதா என்பதை அறியச் சளிப் பரிசோதனை செய்யப்படுகிறது. நூறு ஆண்டுகளுக்கும் மேலாக இதற்கு நுண்ணோக்கியே முதன்மைக் கருவியாக இருந்து வந்தது. இப்போது அந்த இடத்தை விரைவு மூலக்கூறு பரிசோதனைகள் பெற்று வருகின்றன. சிபிநாட் என்றும் ட்ரூநாட் என்றும் உங்கள் பரிசோதனைச் சீட்டில் எழுதப்பட்டிருப்பது இவற்றைத்தான். தொடக்கத்தில் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டக் காசநோய் மையங்களிலும் மட்டுமே இருந்த இக்கருவிகள் வட்ட மருத்துவமனைகளுக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் விரிவுபடுத்தப்பட்டு வருகின்றன. இப்பரிசோதனை எதைக் கண்டறியும், எதைக் கண்டறியாது, சளி மாதிரியை எவ்வாறு கொடுக்க வேண்டும், முடிவு வந்த பின் என்ன செய்ய வேண்டும் என்பவை இங்கே விளக்கப்படுகின்றன.

நுண்ணோக்கி ஏன் போதவில்லை?

காசநோய்க் கிருமியை இராபர்ட் காக் 1882ஆம் ஆண்டு மார்ச் 24 அன்று உலகுக்கு அறிவித்தார். அதனாலேயே அந்நாள் உலகக் காசநோய் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. சளியைக் கண்ணாடித் தகட்டில் பூசி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் பார்க்கும் முறை அக்காலத்திலேயே உருவானது. செலவு குறைந்தது, எளியது. ஆனால் ஒரு மில்லிலிட்டர் சளியில் ஏறத்தாழ 5,000 முதல் 10,000 கிருமிகளாவது இருந்தால்தான் அவை கண்ணுக்குத் தென்படும். நோயின் தொடக்க நிலையில் உள்ளவர்கள், எச்ஐவி தொற்று உள்ளவர்கள், குழந்தைகள் ஆகியோரின் சளியில் பெரும்பாலும் அவ்வளவு கிருமிகள் இருப்பதில்லை. எனவே, நோய் இருந்தும் 'கிருமி இல்லை' என்ற முடிவுடன் வீடு திரும்பியவர்கள் பலர். சில மாதங்கள் கழித்து, எடை குறைந்து, சளியில் இரத்தம் கலந்து வரும் நிலையில் அவர்கள் மீண்டும் வந்தனர். இடைப்பட்ட காலத்தில் வீட்டில் உள்ளவர்களுக்கும் தொற்று பரவ வாய்ப்பிருந்தது.

நுண்ணோக்கிக்கு மற்றொரு குறையும் உண்டு. தகட்டில் தெரியும் கிருமி மருந்துக்குக் கட்டுப்படுமா, கட்டுப்படாதா என்பதை அது சொல்லாது. அதை அறியக் கிருமியை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்க வேண்டும். காசநோய்க் கிருமி மிக மெதுவாகப் பெருகுவதால் இந்த வளர்ப்புப் பரிசோதனைக்கு இரண்டு முதல் எட்டு வாரங்கள் வரை ஆகும். மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய் உள்ள ஒருவர் அத்தனை வாரங்களும் தமக்குப் பயன் தராத மாத்திரைகளை உட்கொண்டிருக்க நேரும்.

விரைவுப் பரிசோதனை எவ்வாறு செயல்படுகிறது?

இது கிருமியைத் தேடுவதில்லை. கிருமியின் மரபணுப் பொருளைத் தேடுகிறது. சளியில் அப்பொருள் சிறிதளவு இருந்தாலும் கருவி அதைப் பல கோடி மடங்காகப் பெருக்கிக் கண்டறிகிறது. கொரோனா காலத்தில் அனைவரும் கேள்விப்பட்ட ஆர்டிபிசிஆர் பரிசோதனையின் அடிப்படையும் இதுவே. அத்துடன், ரிஃபாம்பிசின் என்னும் முதன்மையான காசநோய் மருந்துக்குக் கட்டுப்படாத தன்மையை உண்டாக்கும் மரபணு மாற்றங்கள் அக்கிருமியில் உள்ளனவா என்பதையும் இப்பரிசோதனை காட்டிவிடும்.

சிபிநாட் எனப்படும் ஜீன்எக்ஸ்பெர்ட் கருவியை உலக சுகாதார நிறுவனம் 2010ஆம் ஆண்டு டிசம்பரில் பரிந்துரைத்தது. மருந்துக் கலவை கலந்த சளியை ஒரு சிறு பெட்டகத்தில் ஊற்றிக் கருவிக்குள் வைத்தால், இரண்டு மணி நேரத்திற்குள் முடிவு கிடைக்கும். ஒரு மில்லிலிட்டரில் சுமார் 130 கிருமிகள் இருந்தாலே அது கண்டறியும். பின்னர் வந்த 'அல்ட்ரா' வகைப் பெட்டகத்திற்கு 16 கிருமிகள் போதும். நுண்ணோக்கியில் தென்படாமல் போன காசநோயாளிகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினரை முதல் வகைப் பெட்டகமே கண்டறிந்துவிடுகிறது என்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன.

ஆனால் ஜீன்எக்ஸ்பெர்ட் கருவிக்குத் தடையில்லா மின்சாரமும் குளிரூட்டப்பட்ட அறையும் வேண்டும். கிராமப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு அது செல்வதில் இருந்த பெரிய தடை இதுவே. கோவாவைச் சேர்ந்த மோல்பயோ நிறுவனம் உருவாக்கிய ட்ரூநாட், அத்தகைய வசதி குறைந்த இடங்களுக்காகவே வடிவமைக்கப்பட்டது. மின்கலத்திலும் இயங்கும், மேசை மேல் வைத்துக்கொள்ளும் அளவே உடையது. சுமார் ஒரு மணி நேரத்தில் காசநோய் உள்ளதா என்பதைச் சொல்லும். உள்ளது என்றால், மேலும் ஒரு மணி நேரத்தில் ரிஃபாம்பிசின் எதிர்ப்புத் தன்மையைச் சொல்லும். உலக சுகாதார நிறுவனம் இதை 2020ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்டது.

ஒரு மணி நேரப் பரிசோதனைக்கு ஏன் காத்திருக்க வேண்டியுள்ளது?

பலரும் கேட்கும் நியாயமான கேள்வி இது. கருவிக்கு ஒரு மணி நேரமோ இரண்டு மணி நேரமோ போதும் என்பது உண்மை. ஆயினும் உங்கள் கைக்கு முடிவு வர ஓரிரு நாட்கள் ஆகலாம். நான்கு அறைகள் கொண்ட ஒரு ஜீன்எக்ஸ்பெர்ட் கருவியில் ஒரே நேரத்தில் நான்கு மாதிரிகளை மட்டுமே வைக்க முடியும். ஒரு பணிநாளில் பன்னிரண்டு முதல் பதினாறு மாதிரிகளைச் செய்து முடிக்கலாம். அதற்கு மேல் வருபவை மறுநாளுக்குத் தள்ளிப்போகும். கருவி இல்லாத சுகாதார நிலையத்தில் நீங்கள் சளி கொடுத்திருந்தால், அம்மாதிரி குளிர்ப்பெட்டியில் அருகிலுள்ள பரிசோதனை மையத்துக்கு எடுத்துச் செல்லப்படும் நேரத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

உலகளவில் பார்த்தாலும் நிலை இதுதான். 2023ஆம் ஆண்டில் புதிதாகக் கண்டறியப்பட்ட காசநோயாளிகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு மட்டுமே விரைவுப் பரிசோதனை முதல் பரிசோதனையாகக் கிடைத்தது. கருவி கண்டுபிடிக்கப்பட்டுப் பத்தாண்டுகளுக்கு மேலாகியும் இந்த இடைவெளி நீடிப்பதற்குப் பெட்டகங்களின் விலையும் ஒரு காரணம். பத்து டாலரை ஒட்டியிருந்த ஒரு பெட்டகத்தின் விலை 2023 செப்டம்பரில் எட்டு டாலருக்குச் சற்றுக் கீழாகக் குறைக்கப்பட்டது. அரசு மருத்துவமனைகளில் இச்செலவு உங்களைச் சேராது. பரிசோதனை முற்றிலும் இலவசம். தனியார் மருத்துவரிடம் சிகிச்சை பெறுபவர்களும் அவரது பரிந்துரைக் கடிதத்துடன் அரசு மையத்தில் இலவசமாகப் பரிசோதனை செய்துகொள்ளலாம். அதனால் தனியார் மருத்துவரைக் கைவிட வேண்டிய கட்டாயம் ஏதுமில்லை.

அனைவருக்கும் உடனே இப்பரிசோதனை கிடைக்காத இடங்களில் சிலருக்கு முன்னுரிமை அளிக்கப்படுகிறது. எச்ஐவி தொற்று உள்ளவர்கள், குழந்தைகள், முன்பு காசநோய்ச் சிகிச்சை பெற்றவர்கள், மருந்துக்குக் கட்டுப்படாத காசநோயாளியுடன் வசிப்பவர்கள், நுரையீரல் அல்லாத உறுப்பில் காசநோய் இருக்கலாம் எனச் சந்தேகிக்கப்படுபவர்கள் ஆகியோர் அவர்கள். நீங்களோ உங்கள் வீட்டைச் சேர்ந்த ஒருவரோ இவர்களுள் அடங்குவீர்கள் எனில், நுண்ணோக்கிப் பரிசோதனையோடு திருப்தி அடையாமல் மூலக்கூறு பரிசோதனைக்கு அனுப்புமாறு மருத்துவரிடம் கேளுங்கள். கேட்பதில் தயக்கம் வேண்டாம்.

சளி மாதிரியைக் கொடுக்கும் முறை

எவ்வளவு உயர்ந்த கருவியாக இருந்தாலும், அதற்குள் செல்வது உமிழ்நீர் என்றால் முடிவும் பயனற்றதாகவே இருக்கும். பரிசோதனை வீணாவதற்கு மிகப் பொதுவான காரணம் இதுவே என்பதால் இதனைச் சற்று விரிவாகக் கூற வேண்டியுள்ளது.

வாயை வெறும் நீரால் கொப்பளித்துவிட்டுத் தொடங்குங்கள். ஆழமாக மூச்சை உள்ளிழுத்து, சில நொடிகள் நிறுத்தி, மெதுவாக வெளிவிடுங்கள். இரண்டு மூன்று முறை இவ்வாறு செய்த பின், அடி நெஞ்சிலிருந்து வருமாறு பலமாக இருமுங்கள். தொண்டையைச் செருமி வருவதையும் மூக்கிலிருந்து இறங்குவதையும் கொடுக்கக் கூடாது. கெட்டியாக, மஞ்சள் நிறமாகவோ வெண்மையாகவோ வருவதே சளி. நீர் போல நுரைத்து இருப்பது உமிழ்நீர். குறைந்தது இரண்டு மில்லிலிட்டராவது, அதாவது அரைத் தேக்கரண்டி அளவு தேவை. ஒரே இருமலில் அவ்வளவு வராவிட்டால், அதே டப்பாவில் மீண்டும் மீண்டும் துப்பிச் சேர்க்கலாம். மூடியை இறுக மூடி, வெளிப்புறத்தில் கசிவு இல்லாமல் ஒப்படையுங்கள்.

வழக்கமாக இரண்டு மாதிரிகள் பெறப்படும்: வந்த அன்றே ஒன்று, மறுநாள் காலை எழுந்தவுடன் ஒன்று. இரவு முழுவதும் தேங்கியிருக்கும் சளி காலையில் வெளிவருவதால் அதிகாலை மாதிரியே சிறந்தது. சளி எடுக்கும்போது திறந்தவெளியில், பிறரிடமிருந்து விலகி நில்லுங்கள். கழிவறையிலோ கதவு மூடிய அறையிலோ எடுக்க வேண்டாம். உதவிக்கு வருபவர் எதிரே நிற்காமல் சற்றுத் தள்ளிப் பக்கவாட்டில் நிற்பது நல்லது. கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் சளிப் பரிசோதனையால் எந்தத் தீங்கும் இல்லை.

சிறு குழந்தைகளுக்குச் சளியைத் துப்பத் தெரியாது, விழுங்கிவிடுவார்கள். எனவே காலையில் வெறும் வயிற்றில் மெல்லிய குழாய் வழியாக இரைப்பை நீரை எடுத்துப் பரிசோதிப்பது வழக்கம். குழந்தையின் மலத்திலிருந்தும் இப்பரிசோதனையைச் செய்ய முடியும். குழாய் போடுவதைக் கண்டு அஞ்சும் பெற்றோர், இவ்வழி தங்கள் மருத்துவமனையில் உள்ளதா என்று கேட்கலாம்.

கழுத்தில் கட்டி, முதுகெலும்பு வலி, மூளைக்காய்ச்சல் போன்றவற்றுக்குக் காசநோய் காரணமாக இருக்கலாம் என ஐயுறும்போது, அந்தந்த இடத்திலிருந்து நீரோ திசுவோ எடுத்துப் பரிசோதிக்கப்படும். இங்கு ஒரு செய்தியை உறவினர்கள் நினைவில் வைத்திருப்பது பெரும் உதவியாகும். திசுப் பரிசோதனைக்காக எடுக்கப்படும் துண்டு பொதுவாக ஃபார்மலின் திரவத்தில் போடப்படுகிறது. ஃபார்மலினில் போட்ட திசுவில் கிருமியை வளர்க்க இயலாது; மூலக்கூறு பரிசோதனையும் சரிவர நடைபெறாது. ஆகவே, அறுவைக்கு முன்பே, ஒரு பகுதியைச் சலைன் எனப்படும் உப்பு நீரில் தனியாகக் காசநோய்ப் பரிசோதனைக்கு அனுப்பும்படி மருத்துவரிடம் வேண்டிக்கொள்ளுங்கள். பின்னர் கேட்டால் மீண்டும் ஒருமுறை கத்தி வைக்க வேண்டிவரும்.

முடிவுச் சீட்டைப் படித்தல்

'எம்டிபி டிடெக்டட்' என்றிருந்தால் காசநோய்க் கிருமி உள்ளது என்று பொருள். அதனருகே 'ரிஃப் ரெசிஸ்டன்ஸ் நாட் டிடெக்டட்' என்றிருந்தால் ரிஃபாம்பிசின் மருந்துக்கு அக்கிருமி கட்டுப்படும். வழக்கமான ஆறு மாதச் சிகிச்சை உடனே தொடங்கப்படும். ஆனால் ஐசோனியாசிட் என்ற மற்றொரு மருந்துக்குக் கட்டுப்படுமா என்பதை வழக்கமான சிபிநாட்டும் ட்ரூநாட்டும் சொல்வதில்லை. அதற்கெனச் சளி மாதிரி உயர்நிலை ஆய்வகத்துக்கு அனுப்பப்படும். முடிவு வந்த பிறகும் உங்களிடம் மீண்டும் சளி கேட்பது இதற்காகத்தான். முதல் பரிசோதனை தவறு என்பதற்காக அன்று.

'ரிஃப் ரெசிஸ்டன்ஸ் டிடெக்டட்' என்று வந்தால் மனம் கலங்குவது இயல்பு. ஆயினும் அது சிகிச்சை இல்லை என்று பொருள்படாது. சிகிச்சை வேறு என்றே பொருள்படும். அத்தகைய எதிர்ப்புத் தன்மைக்கு வாய்ப்புக் குறைவான ஒருவருக்கு இம்முடிவு வந்தால், புதிய மாதிரியைக் கொண்டு மீண்டும் உறுதி செய்யப்படும். முன்பெல்லாம் இந்நோயாளிகள் ஒன்றரை ஆண்டுக்கும் மேலாக, ஊசி மருந்துகளுடன் துன்புற்றனர். 2024 செப்டம்பரில் மத்திய சுகாதார அமைச்சகம் ஒப்புதல் அளித்த பிபால்எம் மருந்துத் தொகுப்பு, ஊசி இன்றி, ஆறு மாத மாத்திரைச் சிகிச்சையாக அமைகிறது. இது யாருக்குப் பொருந்தும் என்பதை மருத்துவர் முடிவு செய்வார்.

'இன்வேலிட்' அல்லது 'எரர்' என்று வருவதை 'நோய் இல்லை' என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கருவியால் முடிவு சொல்ல இயலவில்லை என்பதே அதன் பொருள். மறுமாதிரி கொடுக்க வேண்டும். அல்ட்ரா பெட்டகத்தில் மட்டும் 'ட்ரேஸ்' என்றொரு முடிவு வருவதுண்டு. கிருமியின் மரபணுப் பொருள் மிகச் சிறிதளவே உள்ளது என்பதைக் குறிக்கும் அது, குழந்தைகளுக்கும் எச்ஐவி உள்ளவர்களுக்கும் நோய் உள்ளதாகவே கொள்ளப்படும். முன்பு காசநோயிலிருந்து குணமான ஒருவருக்கு அது பழைய, இறந்த கிருமியின் எச்சமாகவும் இருக்கலாம். இச்சொல்லைத் தாமே பொருள்கொண்டு மாத்திரை தொடங்கவோ நிறுத்தவோ வேண்டாம்.

இனி, 'நாட் டிடெக்டட்'. பெரும்பாலோருக்கு இது நிம்மதி தரும் முடிவே. ஆனால் எந்தப் பரிசோதனையும் நூறு விழுக்காடு நோயைக் கண்டறிவதில்லை. இருமலும் காய்ச்சலும் நீடித்து, எடை குறைந்து, மார்பு ஊடுகதிர்ப் படத்தில் மாற்றங்கள் தெரிந்தால், சளி முடிவு எதுவாயினும் மருத்துவரிடம் மீண்டும் செல்ல வேண்டும். சளியில் கிருமி தென்படாமலேயே மருத்துவரின் கணிப்பைக் கொண்டு சிகிச்சை தொடங்கப்படும் நோயாளிகளும் உண்டு.

இப்பரிசோதனையால் செய்ய முடியாதது

சிகிச்சை பலனளிக்கிறதா என்பதைச் சிபிநாட்டோ ட்ரூநாட்டோ காட்டாது. மாத்திரைகளால் கிருமிகள் இறந்த பின்னரும் அவற்றின் மரபணுப் பொருள் சளியில் பல மாதங்கள் இருக்கக்கூடும். கருவி உயிருள்ள கிருமியையும் இறந்த கிருமியையும் பிரித்தறியாது. ஆகவே இரண்டாம் மாத முடிவிலும் சிகிச்சை முடிவிலும் பழைய நுண்ணோக்கிப் பரிசோதனையே செய்யப்படுகிறது. 'புதிய கருவி இருக்கும்போது எனக்கு ஏன் பழைய பரிசோதனை' என்ற மனக்குறை வேண்டாம். தனியார் ஆய்வகத்தில் பணம் கொடுத்து நடுவே மூலக்கூறு பரிசோதனை செய்துகொண்டு, கிருமி இன்னும் உள்ளது என்ற சீட்டைக் கண்டு அஞ்சி மருந்தை மாற்றக் கோருவது தேவையற்றது.

இரத்தத்தில் எதிர்ப்புப் பொருளைத் தேடிக் காசநோயை உறுதி செய்வதாகச் சொல்லப்பட்ட பரிசோதனைகள் தவறான முடிவுகளைத் தருவதால், அவற்றை இந்திய அரசு 2012ஆம் ஆண்டில் தடை செய்தது. தோலில் ஊசியிட்டுப் பார்க்கும் மாண்டோ பரிசோதனையும், இக்ரா எனும் இரத்தப் பரிசோதனையும் உடலில் தொற்று புகுந்துள்ளதா என்பதை மட்டுமே காட்டும். நோய் உள்ளதா என்பதைக் காட்டா.

பரிசோதனைக்கு முன் ஓர் எச்சரிக்கை: மருந்துக் கடையில் இருமலுக்கு எனக் கேட்டு வாங்கும் சில நுண்ணுயிர்க் கொல்லி மாத்திரைகள், குறிப்பாக லீவோஃப்ளாக்சசின் வகையைச் சேர்ந்தவை, காசநோய்க் கிருமியை ஓரளவு அடக்கும். சில நாட்கள் குணமானது போலத் தோன்றும். நோயோ உள்ளே வளர்ந்துகொண்டிருக்கும். பரிசோதனையிலும் பிடிபடாமல் போகலாம். கடைக்கு முன் சுகாதார நிலையத்துக்குச் செல்லுங்கள். ஏற்கெனவே உட்கொண்டிருந்தால் அந்த மாத்திரை அட்டையை உடன் கொண்டுவந்து காட்டுங்கள்.

நோய் உறுதியான பின்

உங்கள் பெயர் நிக்ஷய் இணையத்தளத்தில் பதிவு செய்யப்பட்டு ஓர் எண் வழங்கப்படும். வேறு ஊருக்குப் போனாலும் அங்குள்ள சுகாதார நிலையத்தில் சிகிச்சையைத் தொடர அந்த எண் உதவும். எச்ஐவி, சர்க்கரை ஆகியவற்றுக்கும் பரிசோதனை செய்யப்படும். சத்துணவுக்காக மாதம் 500 ரூபாயாக இருந்த உதவித்தொகை 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாயாக உயர்த்தப்பட்டு, வங்கிக் கணக்கில் செலுத்தப்படுகிறது. எனவே வங்கிக் கணக்குப் புத்தகத்தை எடுத்துச் செல்லுங்கள்.

தமிழ்நாட்டில் 2022ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' வாயிலாக, நோய் கண்டறியப்பட்டவரின் உயரம், எடை, மூச்சு வேகம், இரத்த ஆக்சிஜன் அளவு, கால் வீக்கம், பிறர் துணையின்றி நிற்க இயலுமா என்பவை பார்க்கப்படுகின்றன. நிலை மோசமாக இருப்பவர்கள் உடனே உள்நோயாளியாகச் சேர்க்கப்படுகின்றனர். காசநோயால் ஏற்படும் இறப்புகளில் பல, சிகிச்சை தொடங்கிய முதல் சில வாரங்களிலேயே நிகழ்வதால், சேர்ந்துகொள்ளும்படி சொல்லப்பட்டால் வீட்டுச் சூழலைக் காரணம் காட்டி மறுக்க வேண்டாம். மற்றவர்கள் வீட்டிலிருந்தபடியே மாத்திரை உட்கொள்ளலாம். மருத்துவ விடுதியில் தங்கிப் பெறும் சிகிச்சைக்கு வீட்டுச் சிகிச்சை சற்றும் குறைந்ததன்று என்பதை உலகுக்கு நிறுவிக் காட்டியது, 1950களின் இறுதியில் சென்னையில் நடைபெற்ற ஆய்வே.

அதே வீட்டில் வசிப்பவர்கள் அனைவரும் பரிசோதிக்கப்பட வேண்டும். நோய் இல்லாதவர்களுக்குத் தடுப்பு மருந்து அளிக்கப்படும். தட்டு, டம்ளரைப் பிரித்து வைக்கத் தேவையில்லை. காசநோய் காற்றின் வழியே பரவுகிறது, பாத்திரங்களின் வழியே பரவுவதில்லை. சன்னல்களைத் திறந்து வையுங்கள். நோயாளி முதல் சில வாரங்கள் முகக்கவசம் அணியட்டும்.

அருகில் எந்த மையத்தில் இப்பரிசோதனை உள்ளது என்பதை அறிய 1800-11-6666 என்ற கட்டணமில்லா எண்ணிலோ, தமிழ்நாட்டில் 104 என்ற எண்ணிலோ கேட்கலாம். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கருவி இல்லாவிட்டாலும், சளி மாதிரியை அங்கேயே கொடுக்கலாம். அதைக் கருவி இருக்கும் இடத்துக்கு அனுப்பிவைப்பது சுகாதாரப் பணியாளர்களின் பொறுப்பு. மூன்று நாட்களுக்குள் முடிவு வரவில்லை எனில், மாதிரியைப் பெற்றுக்கொண்டவரிடம் நேரில் சென்று விசாரியுங்கள்.